ஃபார்மசி கல்லூரியில் ஆசிரியராக, ஆய்வாளராக வளர்வது எப்படி

ஃபார்மசி ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய ஃபார்மசி கவுன்சில்தான் முடிவு செய்கிறது. எல்லோரும் பிசிஐ என்றே சொல்கிறோம். 2014-இல் வந்த அதன் ஆசிரியர் தகுதி விதிமுறைப்படி, முதல் வகுப்பில் பி.ஃபார்மும் அதன்மேல் பொருத்தமான பிரிவில் எம்.ஃபார்மும் இருந்தால் கல்லூரிக்குள் நுழையலாம். ஃபார்ம்.டி. படித்தவர்களுக்கும் வழி உண்டு. பேராசிரியராக வேண்டுமானால் பிஎச்.டி. இல்லாமல் நடக்காது. முதல்வர் பதவிக்கு 15 ஆண்டு கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவம் கேட்பார்கள். அதில் 5 ஆண்டு பேராசிரியராகவோ துறைத் தலைவராகவோ இருந்திருக்க வேண்டும்.

இந்தத் தகுதிகள் எல்லாம் ஒரே மாதிரி உள்ள பலர் ஒரே இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, தேர்வுக் குழு பார்ப்பது கைவசம் உள்ள ஆய்வு முறையைத்தான். எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) பகுப்பாய்வு முறை உருவாக்குவது, எலிகளில் அழற்சி மாதிரி செய்வது, செல் வளர்ப்பு, நானோ துகள் தயாரிப்பு, மருத்துவமனைத் தரவு ஆய்வு என்று ஏதாவது ஒன்றை யார் துணையும் இல்லாமல் தொடங்கி முடிக்கத் தெரிய வேண்டும். அந்த முறையால் விடை காணக்கூடிய ஒரு கேள்வியும் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எங்கே, எப்போது பிடிப்பது என்பதுதான் இந்தப் பாதையின் மையம்.

பி.ஃபார்ம் படிக்கும்போதே

முதல் வகுப்பை விட்டுவிடாதீர்கள். பி.ஃபார்மில் இரண்டு, மூன்று சதவீதத்தில் முதல் வகுப்பைத் தவறவிட்டவர்கள் எம்.ஃபார்மில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் ஆசிரியர் தகுதி கேள்விக்குள்ளாகிவிடுகிறது. எட்டாவது செமஸ்டர் வந்தபின் இதை உணர்ந்து பயனில்லை. இன்டர்னல் மதிப்பெண்ணில்தான் பெரும்பாலும் சறுக்கல் நடக்கிறது. ஒரு தியரி பாடத்துக்கு 75 மதிப்பெண் செமஸ்டர் தேர்வு, 25 இன்டர்னல். அந்த 25-இல் 15 செஷனல் தேர்வுக்கும் 10 வருகை, ஒப்படைப்பு போன்ற தொடர் மதிப்பீட்டுக்கும் போகிறது. அந்தப் பத்தை அலட்சியம் செய்பவர்கள்தான் கடைசியில் 58 சதவீதத்தில் நிற்கிறார்கள்.

எம்.ஃபார்ம் சேர்க்கைக்கான தேசியத் தேர்வான ஜிபாட் எழுதுங்கள். 2024 முதல் இதை மருத்துவ அறிவியலுக்கான தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது. 125 கேள்வி, 500 மதிப்பெண், மூன்று மணி நேரம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறைவு. தகுதி பெற்று அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.ஃபார்ம் சேர்ந்தால் மாதம் ₹12,400 உதவித்தொகை கிடைக்கும். உதவித்தொகையைவிட முக்கியம், மொஹாலி, ஹைதராபாத், அகமதாபாத், குவாஹாட்டி, ஹாஜிப்பூர், கொல்கத்தா, ரேபரேலி என ஏழு இடங்களில் உள்ள, நைப்பர் எனப்படும் தேசிய ஃபார்மசி கல்வி, ஆய்வு நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுக்கு ஜிபாட் போன்ற ஒரு தேசியத் தேர்வில் தகுதி கேட்கிறார்கள் என்பது. அங்கே உள்ள கருவிகளும், அவற்றை மாணவரே இயக்க விடும் பழக்கமும் பல தனியார் கல்லூரிகளில் கிடைக்காது.

ஆறாவது செமஸ்டருக்குப் பின் வரும் 150 மணி நேரத் தொழிற்சாலைப் பயிற்சியைச் சான்றிதழுக்காக மட்டும் முடிக்காதீர்கள். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இடம் கேட்டு வாங்குங்கள். அங்கே ஒரு மாத்திரைத் தொகுதி எப்படிச் சோதிக்கப்பட்டு வெளியே போகிறது என்பதை ஒரு முறை முழுதாகப் பார்த்தவர், பின்னாளில் வகுப்பில் அதை வேறு மாதிரி சொல்லிக்கொடுப்பார்.

எம்.ஃபார்மில் கல்லூரியின் பெயரைவிட ஆய்வகம் முக்கியம்

ஃபார்மசூட்டிக்ஸ், பகுப்பாய்வு, வேதியியல், ஃபார்மகாலஜி, ஃபார்மகாக்னசி, ஃபார்மசி பிராக்டிஸ், தர உறுதி, ஒழுங்குமுறை விவகாரம், தொழில்துறை ஃபார்மசி, உயிர்தொழில்நுட்பம் என்று பிரிவுகள் பல. எந்தப் பிரிவுக்கு வேலை அதிகம் என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் பாதி வழியில் சலித்துப்போகிறார்கள். எந்த வேலையை எட்டு மணி நேரம் தொடர்ந்து செய்தாலும் கசக்காது என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

சேருவதற்கு முன் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். எச்பிஎல்சியை மாணவர் இயக்குகிறாரா, லேப் டெக்னீஷியன் இயக்கி அச்சுத்தாளைக் கொடுக்கிறாரா? அதன் பிரிப்புக் குழாயை (column) யார் வாங்குகிறார்கள், மாணவரா கல்லூரியா? விலங்குக் கூடம் பதிவு பெற்றதா, விலங்கு நெறிமுறைக் குழு ஆண்டுக்கு எத்தனை முறை கூடுகிறது? மாத்திரை கரைவதை அளக்கும் டிசொலூஷன் கருவியின் கடைசி அளவுத்திருத்தம் எப்போது? இவற்றுக்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் ஆய்வுத் திறன் வளராது, கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும்.

எம்.ஃபார்ம் நான்கு செமஸ்டரில் முதல் இரண்டு தியரிக்குப் போய்விடும். ஆய்வுக்கு மூன்றும் நான்கும்தான், அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டு. இந்தக் கணக்கைப் போடாமல் தலைப்பைப் பிடிப்பதுதான் பெரும்பாலான ஆய்வேடுகள் அரைகுறையாக முடியக் காரணம். மருந்து வடிவம் தயாரித்து அதன் நிலைத்தன்மையைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மருந்துத் தரத்துக்கான பன்னாட்டு அமைப்பான ஐசிஎச்சின் வழிகாட்டுதல்படி துரிதச் சோதனை 40 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதம். ஃபார்முலேஷன் முடிவாக 5 மாதம் ஆனால், 6 மாதச் சோதனை முடியும்போது ஆய்வேடு அச்சாகியிருக்கும். அதனால்தான் ஒரு மாதத் தரவை வைத்து "நிலையானது" என்று எழுதிய ஆய்வேடுகள் நிறையக் கிடைக்கின்றன. அந்த ஒரு சொல்லை நல்ல இதழின் மதிப்பீட்டாளர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். தலைப்பை இரண்டாவது செமஸ்டரிலேயே உறுதி செய்து, மூலப்பொருள்களை அந்த விடுமுறையிலேயே வாங்கிவைத்தால்தான் ஆறு மாதத் தரவு கையில் வரும்.

மூலிகையில் வேலை செய்பவர்கள் செடியைப் பறித்தவுடன் அடையாளச் சான்று வாங்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பலர் கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தின் தென் மண்டல மையத்துக்கு மாதிரி அனுப்புகிறார்கள். பூவோ காயோ இருக்கும் கிளையாக அனுப்புங்கள். வெறும் இலையும் உலர்ந்த பொடியும் அடையாளம் காண உதவாது. நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய பொடியில் ஆய்வு செய்துவிட்டு, பிறகு சான்றுக்கு அலைவது வீண் வேலை.

விலங்குகளை எண்ணும்போது

ஃபார்மகாலஜி மாணவர்களின் விண்ணப்பத்தில் "ஒரு குழுவுக்கு 6 எலி" என்ற வரி கிட்டத்தட்ட அச்சிட்டது போல வரும். ஏன் ஆறு என்று நெறிமுறைக் குழு கேட்டால் விடை இருக்காது. கணக்கு எளிதானது. மொத்த விலங்குகளிலிருந்து மொத்தக் குழுக்களைக் கழித்தால் வரும் எண் 10-க்கும் 20-க்கும் இடையில் இருந்தால் போதும். ஐந்து குழு வைத்து ஆறு ஆறாகப் போட்டால் 30-இல் 5 போக 25. தேவைக்கு மேல் விலங்கு போகிறது. ஐந்து ஐந்தாகப் போட்டால் 25-இல் 5 போக 20, சரியாக வருகிறது. இதே மாதிரியில் முன்பு செய்த ஆய்வின் சராசரியும் திட்ட விலக்கமும் கிடைத்தால், இந்தச் சூத்திரத்தை விட்டுவிட்டுப் புள்ளியியல் திறன் கணக்குப் போடுவது இன்னும் நல்லது. இறப்புக்காகக் கூடுதல் விலங்கு கேட்டால் எத்தனை, ஏன் என்று எழுதுங்கள்.

கடுமை நச்சுத்தன்மைக்கு ஓஇசிடி 423 முறையில் ஒரு கட்டத்துக்கு மூன்று விலங்குதான். தொடக்க அளவு 5, 50, 300, 2000 மி.கி./கி.கி. என்பவற்றில் ஒன்று. இதையும் முதன்மை ஆய்வையும் ஒரே விண்ணப்பத்தில் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காட்டாததால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம். திரும்பி வந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு ஆய்வில் அது பெரிய இழப்பு.

கராஜீனன் என்ற பொருளால் எலியின் பாதத்தில் வீக்கம் உண்டாக்கி, மருந்து அதைக் குறைக்கிறதா என்று பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1 சதவீதக் கரைசலில் 0.1 மி.லி. பின்னங்காலின் உள்ளங்காலில் ஊசி போட வேண்டும். மருந்தை அதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். பிறகு மணிக்கு ஒரு முறை பாதத்தின் கன அளவு. இதில் தரவு சிதறுவதற்குப் பெரும்பாலும் மருந்து காரணமில்லை, எலியின் காலை அளவுக் கருவியின் திரவத்தில் எவ்வளவு ஆழம் முக்குகிறோம் என்பதுதான் காரணம். ஊசி போடுவதற்கு முன்பே ஒவ்வோர் எலியின் கணுக்காலிலும் அழியாத மையால் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வரை மட்டுமே முக்குங்கள். அளவை வாசிப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. இந்த இரண்டையும் செய்தாலே திட்ட விலக்கம் நன்றாக அடங்குவதைப் பார்க்கலாம். கராஜீனனைக் கலந்த உடனே ஏற்றினால் கட்டி கட்டியாக ஊசியில் அடைக்கும். ஊறவிட்டு, சீரான பிறகு எடுங்கள்.

மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு மனித நெறிமுறைக் குழு வேறு. தலையீட்டு ஆய்வாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். 2018 ஏப்ரலுக்குப் பின் பின்தேதிப் பதிவு ஏற்கப்படுவதில்லை.

எச்பிஎல்சி கற்றுக்கொள்ளும்போது

பகுப்பாய்வு முறை சரிபார்ப்பு ஐசிஎச் க்யூ2 வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறது. அதன் இரண்டாவது திருத்தம் 2023 நவம்பரில் ஏற்கப்பட்டது. நேர்கோட்டுத்தன்மைக்குக் குறைந்தது 5 செறிவு, துல்லியத்துக்கு 3 அளவில் மும்மூன்று என 9 தீர்மானிப்பு, மறுநிகழ்வுக்கு 100 சதவீத அளவில் 6 அல்லது மூன்று அளவில் 9. கண்டறியும் எல்லை என்றால் திட்ட விலக்கத்தை 3.3-ஆல் பெருக்கிச் சாய்வால் வகுப்பது. அளவிடும் எல்லைக்கு 10-ஆல் பெருக்குவது. இவை எல்லா ஆய்வேட்டிலும் இருக்கும். "நிலைத்தன்மை காட்டும் முறை" என்று தலைப்பில் போட்டுவிட்டு, அமிலம், காரம், பெராக்சைடு, வெப்பம், ஒளி ஆகியவற்றில் மருந்தைச் சிதைத்துப் பார்க்காமல் விடுவதுதான் திருப்பி அனுப்பப்படும் கட்டுரைகளில் அடிக்கடி காணும் குறை. 5 முதல் 20 சதவீதம் வரை சிதைவு வரும்படி நேரத்தையும் செறிவையும் அமைத்து, வரைபடத்தில் மருந்தின் உச்சம் (peak) கலப்பில்லாதது என்று டயோடு அரே கண்டறிவியில் காட்டுங்கள்.

பிரிப்புக் குழாயைக் காப்பாற்றும் பழக்கத்தை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். 250 × 4.6 மி.மீ. சி18 குழாயின் உள்ளே உண்மையில் ஓடும் திரவம் சுமார் 2.5 மி.லி. பாஸ்பேட் பஃபரில் ஓட்டிய பிறகு அப்படியே முழு அசிட்டோனைட்ரைலுக்கு மாற்றினால் உப்பு உள்ளேயே படிந்து அழுத்தம் ஏறிவிடும். முதலில் 10 சதவீதம் கரிமக் கரைப்பான் கலந்த நீரை நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பத்து மடங்குக்கு மேல் கழுவியதாகிவிடும். அதன் பிறகுதான் கரிமம் மிகுந்த கலவையில் சேமிப்பு. சிலிக்கா குழாய்க்குப் பிஎச் 2-க்குக் கீழும் 8-க்கு மேலும் ஆகாது. மொபைல் ஃபேஸை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, வாயு நீக்கித்தான் விட வேண்டும். இவற்றில் ஏமாந்தால் புதிய குழாய் வாங்கும் செலவு உங்கள் தலையில் விழும்.

பிஎச்.டி. கைடைத் தேடுங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2022 நவம்பரில் கொண்டுவந்த விதிமுறைப்படி பிஎச்.டி. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக 2 ஆண்டு உண்டு. பெண்கள் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு எடுக்கலாம். பாடநெறிக்குக் குறைந்தது 12 கிரெடிட். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. கைடைத் தேடும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அவரிடம் இடம் இருக்கிறதா, நீங்கள் முடிக்கும்வரை அவர் பணியில் இருப்பாரா?

அவரிடம் முன்பு படித்தவர்களைப் பாருங்கள். ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவர் வழிநடத்திய இரண்டு ஆய்வேடுகளை எடுத்துப் படித்தால், மாணவருக்குச் சொந்தக் கேள்வி இருந்ததா அல்லது ஒரே வார்ப்பில் செடியை மட்டும் மாற்றிச் செய்தார்களா என்று தெரிந்துவிடும். மாணவர்கள் சேர்ந்த ஆண்டும் முடித்த ஆண்டும் முக்கியம். எல்லோரும் ஏழு ஆண்டு எடுத்திருந்தால் உங்களுக்கும் ஏழு ஆண்டுதான்.

முழுநேரமா பகுதிநேரமா என்ற குழப்பத்தில் என் கருத்து தெளிவானது: முடிந்தால் முழுநேரம். முழுநேர ஆய்வுக்கு உதவித்தொகை பெற்றுத் தரும் தேசியத் தேர்வுகளில், யூஜிசி நெட்டில் ஃபார்மசி என்று தனிப் பாடம் கிடையாது. ஆனால் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வை வேதியியல் அல்லது உயிரியல் தாளில் பி.ஃபார்ம் தகுதியுடன் எழுதலாம். இந்திய மருத்துவ ஆய்வு மன்றமான ஐசிஎம்ஆர், உயிர்தொழில்நுட்பத் துறையான டிபிடி ஆகியவை வழங்கும் ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகைகளும் உண்டு. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் ₹37,000, முதுநிலை உதவித்தொகையான எஸ்ஆர்எஃப் ₹42,000, வீட்டு வாடகைப்படி தனி. பல தனியார் கல்லூரிகளின் தொடக்கச் சம்பளத்தைவிட இது மேல். பகுதிநேரமாகச் சேர்பவர்கள் வேலை செய்யும் கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஆய்வுக்கு நேரம் தருவோம் என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள். பகுதிநேரத்தில் இழுபறி ஆவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. தேர்வு மேற்பார்வை, இன்ஸ்பெக்ஷன் கோப்பு, சேர்க்கை வேலை என்று கல்லூரி ஒவ்வொரு விடுமுறையையும் தின்றுவிடுகிறது.

ஆய்வகக் குறிப்புகளுக்குப் பக்க எண் அச்சிட்ட கட்டு நோட்டைப் பயன்படுத்துங்கள். தேதி, தொகுதி எண், எடைத்தராசு அச்சு, தோல்வியடைந்த ஓட்டங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் "இந்தப் புள்ளி ஏன் இங்கே விலகுகிறது?" என்று கேட்டால் காப்பாற்றப்போவது அந்தத் தோல்விப் பக்கம்தான்.

எங்கே வெளியிடுவது

ஏற்கத்தக்க ஆய்விதழ்களுக்கான யூஜிசி கேர் பட்டியல் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி அந்தந்தப் பல்கலைக்கழகமே எந்த இதழ் ஏற்கத்தக்கது என்று முடிவு செய்கிறது. எனவே முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கையை வாங்குங்கள். பிறகு ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் மூலப் பட்டியலில் அந்த இதழ் இன்றைக்கும் இருக்கிறதா, அல்லது சில ஆண்டுக்கு முன் நீக்கப்பட்டதா என்று பாருங்கள். நல்ல இதழின் பெயரில் போலி இணையதளம் நடத்துபவர்கள் உண்டு. ஸ்கோபஸ் பக்கத்தில் உள்ள இணைப்பு வழியாகவே இதழுக்குள் போனால் இந்தப் பொறியில் விழ வேண்டியதில்லை. கட்டுரை அனுப்பிய ஒரு வாரத்தில் மதிப்பீட்டாளர் கருத்து எதுவுமின்றி "ஏற்கப்பட்டது, பணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் திரும்பப் பெற்றுவிடுங்கள். அங்கே வெளியாகிவிட்ட தரவை வேறெங்கும் வெளியிட முடியாது.

கருத்துத் திருட்டுக்கு யூஜிசியின் 2018 விதிமுறை நான்கு படி வைத்திருக்கிறது. ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி 6 மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40 முதல் 60 என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. எண்ணைக் குறைக்க மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றுபவர்கள் இன்னும் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள். கலைச்சொல் மாறிப்போய், படிக்கும் எவருக்கும் ஏமாற்று வேலை தெரிந்துவிடுகிறது. செய்முறைப் பகுதியில் ஒற்றுமை கூடுவது இயல்பு. அதை உங்கள் ஆய்வகத்தில் நீங்கள் உண்மையில் செய்த அளவுகளோடு எழுதினால் தானாகவே குறைந்துவிடும்.

வேலைக்குச் சேரும்போது

ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ₹57,700. தனியார் கல்லூரிகள் பல அதற்கு வெகு கீழே கொடுக்கின்றன. பேசும்போதே கையில் எவ்வளவு வரும், விடுமுறை மாதத்துக்கும் உண்டா, பிஎஃப் பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளும் நிர்வாகத்தில் சேராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. அடுத்த வேலை கிடைக்கும் நாளில் அந்தச் சான்றிதழுக்காக நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் பெயர் கொடுங்கள், வர வேண்டாம், பணம் தருகிறோம் என்பவர்களுக்கு ஒரே பதில், வேண்டாம் என்பதுதான். பெயர் இரண்டு கல்லூரியில் இருப்பது தெரியவந்தால் போவது உங்கள் அனுபவக் கணக்கு.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். பத்து நிமிடத்தில் ஒரே ஒரு கருத்தை எடுங்கள். மருந்து வெளியேற்றத்தின் அரை ஆயுள் என்றால், பலகையில் ஒரு கோட்டுப் படம், ஒரு கணக்கு, ஒரு கேள்வி போதும். நாற்பது ஸ்லைடு கொண்டுபோனவர்களைக் குழு ஐந்தாவது ஸ்லைடிலேயே நிறுத்திவிடும்.

பிராக்டிகல் சொல்லிக்கொடுப்பது

ஆய்வாளராக வருபவர்கள் பிராக்டிகல் வகுப்பைச் சுமையாக நினைக்கிறார்கள். உண்மையில் உங்கள் ஆய்வு மாணவர்கள் உருவாகும் இடமே அதுதான். பாராசிட்டமால் மாத்திரை மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளலாம். எல்லாக் கல்லூரியிலும் செய்யும் சோதனை. எல்லாக் கல்லூரியிலும் பாதிப் பேருக்குத் தவறாக வரும்.

இருபது மாத்திரையை எடைபோட்டுப் பொடித்து, 0.15 கிராம் பாராசிட்டமாலுக்கு இணையான பொடியை எடுக்க வேண்டும். 50 மி.லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 100 மி.லி. நீரும் சேர்த்து 15 நிமிடம் குலுக்கி, 200 மி.லி. ஆக்க வேண்டும். வடிகட்டி, 10 மி.லி.யை 100-க்கு நீர்க்க வேண்டும். அதில் 10 மி.லி. எடுத்து, 10 மி.லி. 0.1 மோலார் காரம் சேர்த்து மறுபடி 100 மி.லி. பிறகு 257 நானோமீட்டரில் உறிஞ்சளவு. 1 சதவீதக் கரைசலின் தன் உறிஞ்சளவு 715.

வகுப்பு தொடங்கும் முன் பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்: 200 மி.லி.யில் 0.15 கிராம் என்றால் 100-இல் 0.075, பத்து மடங்கு இரண்டு முறை நீர்த்தால் 0.00075, 715-ஆல் பெருக்கினால் 0.536. ஆக, கருவி ஏறக்குறைய 0.54 காட்ட வேண்டும். முன்கூட்டியே தெரிந்த இந்த ஓர் எண் மாணவரின் பார்வையையே மாற்றிவிடும். 5-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டிய கரைசலைக் கருவியில் வைத்து, திரையில் நிலைகொள்ளாமல் ஆடும் 3 சொச்சத்தை எழுதிக்கொண்டு போகும் மாணவர், ஒரு நீர்ப்பைத் தவறவிட்டதை இனி தானே கண்டுபிடிப்பார். 0.48 வந்தால் 90 சதவீதம். 95 முதல் 105 வரை என்ற வரம்புக்கு வெளியே. உடனே மாத்திரையைக் குறை சொல்லாமல், 15 நிமிடம் உண்மையிலேயே குலுக்கினாரா, முதலில் வடிந்த சில மி.லி.யைக் கொட்டினாரா, பைப்பெட்டில் காற்றுக் குமிழி இருந்ததா என்று பாருங்கள். ஒரு வரிசை முழுக்க அபத்தமான எண் வந்தால் குவெட்டைப் பிடித்துப் பாருங்கள். புற ஊதாவில் கண்ணாடிக் குவெட் ஒளியை விழுங்கிவிடும், குவார்ட்ஸ்தான் வேண்டும்.

ரெக்கார்டு நோட்டில் தவறான விடையை அடித்துச் சரியான விடை எழுதும் பழக்கத்தை முதல் ஆண்டிலேயே நிறுத்துங்கள். 91 சதவீதம் வந்தால் 91 என்று எழுதி, காரணத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிக்குத்தான் மதிப்பெண் கொடுங்கள். எல்லாருக்கும் 99.8 வரும் வகுப்பிலிருந்து வருபவர்களே நாளைக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் தரவைத் திருத்துகிறார்கள். அந்த மருந்தை ஒரு நோயாளிதான் விழுங்குகிறார்.

தியரியில், ஆங்கிலப் பாடநூலை அப்படியே வாசிப்பதைவிட, முதலில் தமிழில் விளக்கி, பிறகு தேர்வில் எழுத வேண்டிய ஆங்கில வாக்கியத்தைப் பலகையில் எழுதுவது தமிழ்வழியில் படித்துவந்த மாணவர்களுக்குப் பெரிய உதவி. வினாத்தாள் அமைப்பையும் சொல்லிவிடுங்கள்: ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, பத்து மதிப்பெண் வினாக்கள் மூன்றில் இரண்டு, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஏழு. 35 மதிப்பெண் ஐந்து மதிப்பெண் வினாக்களில்தான் இருக்கிறது. மாணவர்கள் நேரத்தையெல்லாம் பத்து மதிப்பெண்ணில் செலவழித்துவிட்டு அங்கேதான் விடுகிறார்கள்.

முதல் ஆய்வு நிதி

பிஎச்.டி. முடித்த முதல் சில ஆண்டுகளுக்குள் ஒரு விண்ணப்பமாவது போடுங்கள். 2023 சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை, முன்பு ஆய்வு நிதி தந்துவந்த செர்ப் அமைப்பின் இடத்தை எடுத்துக்கொண்டு, தொடக்ககால ஆய்வாளர்களுக்குத் தனித் திட்டம் வைத்திருக்கிறது. ஐசிஎம்ஆர் வெளிநிறுவன ஆய்வுகளுக்கு நிதி தருகிறது. மாணவர் திட்டங்களுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தை அணுகலாம். தொகை சிறியதுதான், ஆனால் நிதி பெற்று, செலவழித்து, கணக்குக் காட்டிய அனுபவம் அங்கேதான் தொடங்கும்.

விண்ணப்பத்தில் குழு முதலில் படிப்பது முன்னோட்டத் தரவு. எம்.ஃபார்மிலும் பிஎச்.டி.யிலும் ஒரே முறையில் நின்றவர்களுக்கு அது கையில் இருக்கும். ஆண்டுக்கு ஒரு தலைப்பு மாற்றியவர்களுக்கு இருக்காது. கருவிப் பட்டியலில் உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே உள்ளதைக் கேட்காதீர்கள். வேறு நிறுவனத்தின் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பயன்படுத்துவதாக இருந்தால் அவர்களின் ஒப்புதல் கடிதத்தை இணையுங்கள். "பயன்படுத்துவோம்" என்ற வாய்மொழி செல்லாது. ஒவ்வொரு தொகைக்கும் ஏன் அந்த அளவு என்று ஒரு வரி எழுதுங்கள். எத்தனை ஓட்டம், ஓட்டத்துக்கு எத்தனை மி.லி. அசிட்டோனைட்ரைல், ஆண்டுக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குக் காட்டிய பட்ஜெட்டில் குழு அவ்வளவாகக் கைவைக்காது.

நிதி வந்ததும் அந்தத் திட்டத்துக்கென்று தனிக் கணக்கைக் கல்லூரியில் தொடங்கச் சொல்லுங்கள். நிதியாண்டு முடிந்ததும் அரசின் பொது நிதி விதிகளின்படியான ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வங்கி வட்டியையும் அதில் காட்ட வேண்டும். மார்ச் மாதத்தில் கல்லூரியின் கணக்கர் மற்ற வேலைகளில் மூழ்கிவிடுவார். பிப்ரவரியிலேயே பில்களை வரிசைப்படுத்தி அவர் மேசையில் வைத்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டுத் தவணை தாமதமானால், பெரும்பாலும் இந்த ஒரு தாள் போகாததுதான் காரணமாக இருக்கும்.